மேல்வீட்டில் இரண்டு எசிலிகள்

ஜனவரி 8, செவ்வாய்

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். பெரிய மனிதர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் எங்கள் ஊர் கொண்டாவில் வாசிகசாலையில் இருந்த அத்தனை புத்தகங்களையும் வாசித்து முடித்தவன். அங்கே ஓர் அலுமாரிதான் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். பெரிய அலுமாரி.

எழுதுவதற்குக் காரணம் காவல் வேலை. இது மொன்றியலில் மூன்று தட்டு வீடு. கீழே பேஸ்மென்றில் அருளம்பலம் ஆகிய நான். நடுத்தட்டில் என் தங்கச்சி மகள் சுகிர்தா, அவள் புருஷன் யோகன், ஐந்து வயது மயூரி. மேல்தட்டில் இலையுதிர் காலத்தில் குடிவந்த ஒரு ஹெயிட்டிக்காரி. பெயர் மதாம் இம்மாகுலா. வயோதிபர் இல்லத்தில் வேலை. வாட்டசாட்டமான பெண். அவள் ஏறும்போது படி முனகும்.

யோகன் லொறி ஓட்டுகிறார். கிழமையில் பாதி நாள் ரோட்டில்தான். நேற்றுப் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாமா, மேல்வீட்டுக்காரி சூனியக்காரி எண்டு ஆக்கள் கதைக்கினம். சுகிர்தா அங்கை போய் வாறாள் போலை கிடக்கு. நீங்கள் வீட்டிலைதானே நிக்கிறியள். ஒரு கண் வைச்சிருங்கோ. எப்ப போறாள், எப்ப வாறாள் எண்டு எனக்குப் போன் அடிச்சுச் சொல்லுங்கோ."

"தம்பி, பாரிசிலை ஜனாதிபதி சாப்பிட்ட ஹோட்டலிலை பாதுகாப்புப் பொறுப்பா இருந்தவன் நான்" என்றேன். எதைப் பாதுகாத்தேன் என்று அவர் கேட்கவில்லை. கழுவிய கோப்பைகளை.

இன்று செவ்வாய், எனக்கு மரக்கறி நாள். மேலே பன்றி பொரிக்கிற மணம் குழாய் வழியாக இறங்கி வந்து என் அறையில் சம்மணம் கட்டி இருந்துவிட்டது. போன செவ்வாயும் பொரித்தாள். செவ்வாய் பார்த்துப் பொரிப்பது சும்மா நடக்கிற காரியமா? குறித்துக்கொண்டேன்.

சுகிர்தாவின் வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. முந்தாநாள் வாசல் படியில் சறுக்கி விழுந்தாளாம். எங்கள் வாசல் படி இரும்பு. வீட்டுக்கு வெளியே வளைந்து இறங்கும். பனிக்காலத்தில் ஆளைக் கொல்லும். ஆனால் காலையில் அதற்கு உப்புப் போடுகிறவன் நான். முந்தாநாளும் போட்டேன். உப்புப் போட்ட படி எப்படிச் சறுக்கும்? மேல்வீட்டுக்காரி எதையாவது ஊற்றியிருக்க வேண்டும். அதையும் குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 9, புதன்

இரண்டு பங்கு உப்புப் போட்டேன். இனி யானை இறங்கினாலும் சறுக்காது. மதாம் வேலைக்குப் போகும்போது "மெர்சி, தொன்தொன்" என்றாள். தொன்தொன் என்றால் அவர்கள் பாஷையில் மாமா. நான் எப்போது இவளுக்கு மாமா ஆனேன்?

ஜனவரி 12, சனி

இன்று எதிரியின் கோட்டைக்குள் போய் வந்தேன்.

வேவு பார்க்கிறவன் வெறுங்கையோடு போகக்கூடாது. கடையில் வாங்கிய உளுந்து வடை ஆறு, நானே சுட்டது என்று சொல்லிக் கொண்டுபோனேன். மதாம் பேசியது பாதி பிரெஞ்சு, பாதி கிரெயோல். எனக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. ஆகவே அவள் சொன்னதை நம் தமிழிலேயே எழுதுகிறேன்.

முன்னறை மூலையில் நீலமும் சிவப்பும் விரித்த மேசை. அதன் மேல் சட்டம் போட்ட படம். கறுத்த முகத்துத் தாய், கையில் பிள்ளை. வலக்கன்னத்தில் இரண்டு வெட்டுத் தழும்பு. முன்னால் ஒரு குத்துவாள், ஒரு போத்தல் ரம், ஒரு சிகரெட். தெய்வத்துக்குச் சிகரெட்!

"எங்கடை மடு மாதா மாதிரி இருக்கு" என்றேன்.

"கோயிலுக்குப் போனால் மாதா. வீட்டிலை எங்கடை தெய்வம், எசிலி தாந்தோர்."

"முகத்திலை என்ன வெட்டு?"

"தங்கச்சி கீறினது" என்றாள், பக்கத்துத் தெருச் சண்டையைச் சொல்வது போல. பிறகு எதிர்ச் சுவரில் தொங்கிய சீலையை விலக்கிக் காட்டினாள். அங்கே ரோசாப்பூ நிறத்தில் இன்னொரு மேசை. வாசனைத் தண்ணீர், பவுடர், கண்ணாடி, கேக், மூன்று மோதிரம். "இவதான் தங்கச்சி. எசிலி பிரெதா. எது குடுத்தாலும் காணாது எண்டு அழுவா."

"அப்ப எசிலி எண்டால் ரெண்டு பேரோ?"

"ஒரு குடும்பம், தொன்தொன். கூனின கிழவி ஒருத்தி இருக்கிறா. கண் சிவந்த ஒருத்தி இருக்கிறா, அவவைச் சும்மா கூப்பிடக்கூடாது. என்னோடை இருக்கிறது இவை ரெண்டு பேரும். ஒருத்தியை ஒருத்தி பாக்கமாட்டினம். பக்கத்திலை வைச்சால் வீடு ரெண்டாகும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சீதேவியும் மூதேவியும்! பெயரை மாற்றிவிட்டால் தெரியாதா? ரோசாப்பூக்காரி சீதேவி. குத்துவாள்காரி மூதேவி.

நான் கொண்டாவில் சுடலையில் ஒரு பேயைத் தலைமயிரில் பிடித்து இழுத்து வந்த கதையைச் சொல்லி வைத்தேன். என் பலம் தெரிந்திருக்கட்டும் என்று.

"பிடிச்சு என்ன செய்தியள்?"

"இனி வரமாட்டன் எண்டு சத்தியம் வாங்கிப்போட்டு விட்டனான்."

"எங்கடையது லேசிலை சத்தியம் குடுக்காது" என்று சொல்லி, வயிறு குலுங்கச் சிரித்து, இரண்டாவது வடையை எடுத்தாள்.

வெளியே வரும்போதுதான் கண்டேன். மூதேவி மேசையில், நீலத் துணியின் ஓரத்தில், மஞ்சள் வண்ணத்துப்பூச்சிக் கிளிப் ஒன்று. மயூரியின் தலையில் நத்தார்ப் பண்டிகைவரை இருந்தது. பிள்ளையின் தலைமயிர்ப் பொருள் அங்கே ஏன் போனது? கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினேன். குளிர்தான்.

யோகனுக்குப் போன் அடித்தேன்.

ஜனவரி 14, திங்கள்

பொங்கல். யோகன் லீவு எடுத்து நின்றார். குசினிக்குள் கேஸ் அடுப்பில் பொங்கினோம். சுகிர்தா இடக்கையால் அரிசி போட்டாள். பால் பொங்கியது. நான் பாரிசில் ஈஃபெல் கோபுரத்துக்குக் கீழே பொங்கி பொலிஸ்காரர்களுக்கும் கொடுத்த கதையைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மூடி ஒன்று கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மயூரி மேசைக்குக் கீழே போய்க் காதைப் பொத்திக்கொண்டாள்.

"பிள்ளை சரியான பயந்தாங்கொள்ளி" என்றேன்.

"தாயைப் போலை" என்றார் யோகன், சிரித்துக்கொண்டு. "மாமா, உங்கடை மருமகளுக்கு இப்ப கூட்டாளி எல்லாம் கிடைச்சிட்டினம். ஒரு சொல்லுச் சொல்லேலாது."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே" என்றாள் சுகிர்தா.

"பாத்தியளோ, வாய்."

நான் பேச்சை மாற்றினேன். இந்தக் கலியாணம் நான் பேசிச் செய்தது. பொடியன் குடியில்லை, சிகரெட் இல்லை, சீட்டு இல்லை. அன்று மண்டபத்தில் எண்ணூறு பேர். முழு மொன்றியலும் என் கையைப் பிடித்துக் குலுக்கியது. இப்போதும் கோயிலில் என்னைக் கண்டால் பொம்பிளைப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் ஓடி வருவார்கள். இப்படி ஒரு கலியாணத்துக்குள் மேல்வீட்டிலிருந்து ஒருத்தி மூதேவியை இறக்கினால் அருளம்பலம் பார்த்துக்கொண்டிருப்பானா?

ஜனவரி 15, செவ்வாய்

பன்றி மணம். அதோடு இன்று பின்னேரம் நீல உடுப்பில் நாலைந்து பெண்கள் மேலே போனார்கள். சுகிர்தாவும் மயூரியைத் தூக்கிக்கொண்டு போனாள். யோகன் காலையில் லொறி எடுத்துப் போய்விட்டார்.

பின்படியில் ஏறி நின்று காது கொடுத்தேன். ஒட்டுக்கேட்பது என்று சொல்லக்கூடாது. காவல். முதலில் பாட்டு, கைதட்டு. பிறகு எல்லாம் நின்றது. அந்த அமைதியில் ஒரு குரல்: "கெ, கெ, கெ." கோழி தொண்டையில் எதுவோ சிக்கியது போல. ஆனால் கோபமான கோழி. அந்தக் குரலுக்குப் பதிலாக யாரோ விம்மி அழுதார்கள். அந்த விம்மலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஊஞ்சலில் இருந்து விழுந்தால் சுகிர்தா இப்படித்தான் அழுவாள், வாயை மூடிக்கொண்டு.

ஆட்கள் போன பிறகு மதாம் குப்பைப் பையோடு பின்படிக்கு வந்தாள். நான் படியைப் பரிசோதிக்கிறவன் போலக் குனிந்தேன்.

"குளிருக்குள்ளை நிண்டு கேட்டனீங்களோ, தொன்தொன்? உள்ளுக்கு வந்திருக்கலாமே."

"அது என்ன சத்தம்?"

"மூத்தவ வந்தால் அப்பிடித்தான், செவ்வாயும் பன்றியும் அவவுக்குத்தான். அவவுக்கு நாக்கில்லை. அந்தக் காலத்திலை எங்கடை சனம் வெள்ளைக்காரனோடை சண்டை பிடிக்கேக்கை, இரகசியத்தைச் சொல்லிப்போடுவா எண்டு சொந்தச் சனமே அறுத்துப்போட்டுது."

"நாக்கில்லாத தெய்வத்தாலை என்ன பிரயோசனம்? வரமும் குடுக்கேலாது, சாபமும் போடேலாது."

மதாம் குப்பையைக் கீழே வைத்தாள். "வீட்டுக்குள்ளை அடிவாங்கிற பொம்பிளையள் அவவைத்தான் கூப்பிடுறவை. ஏனெண்டால் அவ ஒருத்தருக்கும் போய்ச் சொல்லமாட்டா." என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

என்னை ஏன் பார்த்தாள்? நான் வாழ்நாளில் ஒரு பெண் மேலும் கை நீட்டியவன் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் யோகனுக்குப் போன் அடித்து, நீல உடுப்பு, கெ கெ எல்லாம் சொன்னேன். "அழுதவளோ?" என்று மட்டும் கேட்டார். "ஏன் அழுதவள்?" என்று கேட்கவில்லை.

ஜனவரி 17, வியாழன்

சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த நாள். விவரமாக எழுதுகிறேன்.

மதாம் வீட்டு ஹீற்றர் பழுது. திருத்துகிறவன் வருவான், திறந்துவிடுங்கோ என்று வேலைக்குப் போகும்போது திறப்பை என்னிடம் தந்தாள். எதிரி தானாகவே வாளை நீட்டினால் வாங்காமல் விடலாமா?

திருத்துகிறவன் வந்து போனான். நான் கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினேன். என் திட்டம் எளிது. அக்காவும் தங்கச்சியும் பக்கத்தில் இருந்தால் வீடு ரெண்டாகும் என்று அவளே சொன்னாள். ஆகவே ரோசாப்பூக்காரியை மோதிரங்களோடு தூக்கிக்கொண்டுபோய்க் குத்துவாள்காரிக்குப் பக்கத்தில், தோளோடு தோள் முட்ட வைத்தேன். இருவரும் தங்களுக்குள் பிடுங்குப்படட்டும், என் மருமகளை விட்டுவிடட்டும். இப்படி ஒரு யுக்தி ஏழு கடல் தாண்டிய மந்திரவாதிக்கும் வராது.

மேசையை நகர்த்தும்போது நீலத் துணிக்குக் கீழே கால் இடறியது. ஒரு பை. திறந்தேன். சுகிர்தாவின் இரண்டு சட்டை. மயூரியின் இரவு உடுப்பு, பனிச்சப்பாத்து, கரடிப் பொம்மை. அடியில் கைக்குட்டையில் சுற்றி முடிச்சுப் போட்ட ஒன்று. அவிழ்த்தால் தாலிக்கொடி.

பத்து நிமிடம் நிலத்தில் இருந்துவிட்டேன். ஊரில் செய்வினை செய்கிறவன் ஒரு துண்டுத் துணியோ நாலு மயிரோதான் கேட்பான். இவள் ஆளை முழுசாகவே கட்டி மேசைக்குக் கீழே வைத்திருக்கிறாள், தாலியோடு! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

செய்வினைக்கு எடுத்த பொருளை எரிக்கக்கூடாது. எரித்தால் ஆளுக்குத்தான் சூடு. மஞ்சள் தண்ணீர் தெளித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். இது எனக்குத் தெரிந்தபடி மொன்றியலில் வேறு ஒருவருக்கும் தெரியாது. பையைக் கீழே கொண்டுவந்தேன். தேசிக்காய் வெட்டினேன். சுகிர்தா வேலையில், மயூரி பள்ளிக்கூடத்தில். உடுப்புகளை அலுமாரியில் மடித்து வைத்தேன். சப்பாத்தை வாசலில் வைத்தேன். கரடியைக் கட்டிலில். தாலிக்கொடியைச் சாமிப் படத்துக்கு முன்னால், எல்லோருக்கும் தெரிகிறபடி.

பிறகு யோகனுக்குப் போன். "தம்பி, கட்டை அவிட்டுப்போட்டன்!" ஒவ்வொரு பொருளாகச் சொன்னேன். சட்டை, சப்பாத்து, கரடி, தாலி. மறுபக்கம் லொறி இரைச்சல் மட்டும் கேட்டது.

"நல்ல வேலை செய்தியள் மாமா" என்றார் கடைசியில். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. லைன் சரியில்லைப் போலிருக்கிறது.

ஜனவரி 18, வெள்ளி

சுகிர்தா தாலிக்கொடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மாமா, இவருக்குச் சொல்லிப்போட்டியளோ?" என்று கேட்டாள். "சொல்லாமல்?" என்றேன். அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். நன்றி சொல்லவில்லை. கட்டு அவிழ்ந்த களைப்பு.

ஜனவரி 19, சனி

யோகன் மத்தியானமே வந்துவிட்டார். நடுத்தட்டில் தளபாடம் மாற்றுகிறார்கள் போல. என் வானொலியில் பழைய பாட்டுகள் போயின. நல்ல பாட்டுகள். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன்.

ஜனவரி 20, ஞாயிறு

லீக்ஸ் விலை ஏறிவிட்டது. கரட் பரவாயில்லை.

சுகிர்தா திரும்பவும் படியில் விழுந்தாளாம். இந்தமுறை முகம்.

நேற்றுப் பின்னேரம் முழுக்கப் பனி கொட்டியது. இன்று காலை உப்புப் போடப் போனபோது படியில் பனி முழங்காலளவு, புதுப் பஞ்சு மெத்தை போல. அதில் யோகனின் சப்பாத்து அடி மட்டும் லொறிவரை போய் வந்திருந்தது. வேறு ஓர் அடியும் இல்லை. அடி வைக்காத படியில் ஒருத்தி எப்படி விழுவாள்? மேல்வீட்டுக்காரி என்று எழுத வந்தேன். அவளும் நேற்றிலிருந்து வேலையில்.

பத்து மணிபோல் மயூரி காலுறையோடு உள்படியால் கீழே வந்து என் மேசைக்குக் கீழே இருந்தாள்.

"வெளியிலை வாருங்கோ குஞ்சு, சொக்கிலேற் தாறன்."

"அம்மா விழேல்லை" என்றாள்.

லீக்ஸ் இனி வாங்குவதில்லை.

ஜனவரி 21, திங்கள்

யோகன் காலையில் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். வியாழன் வருவார். போகும்போது சுகிர்தாவின் கோட்டையும் சப்பாத்தையும், மயூரியுடையதையும் ஒரு கறுப்புப் பையில் போட்டு லொறியில் ஏற்றினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்கை இனி ஒருத்தரும் வெளியிலை போகத் தேவையில்லை மாமா. படி சறுக்குது" என்றார். "பாத்துக்கொள்ளுங்கோ."

வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டு. சப்பாத்து இல்லாமல் தெருமுனை வரைகூடப் போக முடியாது. என்னைக் காவல் வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். எதற்குக் காவல் என்று இன்று யோசித்தேன். அதிகம் யோசித்தால் எனக்குத் தலையிடி வரும்.

ஜனவரி 22, செவ்வாய்

இன்று பன்றி மணம் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், மதாமே கீழே இறங்கி வந்தாள். கூடவே சுகிர்தா. இடக்கண் மூடிக்கிடந்தது. நான் உடனே தேத்தண்ணீர் போட எழும்பினேன்.

"இருங்கோ" என்றாள் மதாம். இருந்தேன்.

"ரெண்டு பேரையும் பக்கத்திலை வைச்சது நீங்கள்தானே? வீடு ரெண்டாகும் எண்டு சொன்னனான். அது ஆகட்டும். ஆனால் இவளின்ரை பையை ஏன் எடுத்தியள்?"

"அது செய்வினை..."

"செய்வினை இல்லை மாமா" என்றாள் சுகிர்தா. "நான்தான் வைச்சனான். அவர் தேடாத இடம் அது ஒண்டுதான். கத்தியும் சாராயமும் வைச்ச மேசை எண்டு பயம் அவருக்கு. அடிவாங்கிற பொம்பிளையள் போய் ஒளிஞ்சிருக்க ஒரு வீடு இருக்கு, இடம் வரும்வரை காத்திருந்தனான். நாளைக்கு மத்தியானம் மதாமின்ரை கூட்டாளி கார் கொண்டுவாறா."

"பொடியன் குடிக்கிறேல்லையே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வாயில் வந்தது.

"ஓம். நீங்கள் விசாரிச்சது ஒண்டும் பிழையில்லை மாமா. குடிக்கிறேல்லை. சிகரெட் இல்லை. வெறியிலை அடிக்கிறவன் விடிய மறந்துபோவான். இவர் ஒண்டும் மறக்கமாட்டார்."

மயூரி என் மடியில் ஏறி, காதில் வாயை வைத்து, தாங்கள் போகப்போகிற ஊரின் பெயரைச் சொன்னாள். யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டாம். மதாம் கண்ணை மூடித் திறந்தாள்.

"தொன்தொன், உங்களுக்கு வாய் நிக்காது. இந்தத் தெருவுக்கே தெரியும். அந்தப் பேரை விழுங்குவியளோ?"

"என்னை யாரெண்டு நினைச்சியள்? பாரிசிலை..." என்று தொடங்கினேன். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். பாரிஸ் கதை பாதியில் நின்றது. அது பாதியில் நிற்பது இதுதான் முதல் தடவை.

ஊரின் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஜனவரி 23, புதன்

இன்று ஒன்றும் நடக்கவில்லை. நான் வெளியே போகவில்லை. என்னிடம் சப்பாத்து இல்லை. கோட்டும் இல்லை.

ஜனவரி 26, சனி

இன்றுதான் பேனாவைத் திரும்ப எடுத்தேன். வியாழக்கிழமைக் கதையை எழுதுகிறேன்.

யோகன் பின்னேரம் மூன்று மணிக்கு வந்தார். மேலே கதவுகள் திறந்து மூடும் சத்தம். பிறகு வெளியே போய்ப் படியில் நின்றார். ஜன்னலால் அவர் கால் தெரிந்தது. புதனுக்குப் பிறகு பனி பெய்யவில்லை. காலடிகள் இறுகி, அச்சுப் போட்டது போல இருந்தன. ஒரு சோடி பெரிய சப்பாத்து இறங்கிப் போயிருந்தது. ஆழமாக, ஒரு பிள்ளையைத் தூக்கியவர் நடந்தது போல. திரும்பி வரவில்லை.

கீழே வந்தார். என் கால்களைப் பார்த்தார். நான் இரண்டு சோடி காலுறையும் ரப்பர்ச் செருப்பும் போட்டிருந்தேன்.

"மாமா, உங்கடை சப்பாத்து எங்கை?"

காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

"உங்கடை சப்பாத்து போயிருக்கு. நீங்கள் இருக்கிறியள். சப்பாத்துக்குள்ளை போனது ஆர்?" கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு இருந்தார். தோளைத் தட்டினார். "உங்களுக்குத் தெரியாமல் இந்த வீட்டிலை ஒண்டும் நடக்குமோ? நீங்கள் ஆர்! ஜனாதிபதிக்குக் காவல் நிண்ட ஆள். எங்கை போனவள் எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சியள், சொல்லுங்கோ பாப்பம்."

அவருக்கு என்னைத் தெரியும். என்னை உயர்த்திக் கேட்டால் நான் எல்லாம் கொட்டிவிடுவேன். ஊரின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொய் சொல்லலாம் என்றால், என் பொய்யைச் சலித்து உண்மையை எடுக்க இந்த ஆறு வருடத்தில் பழகியவர் அவர். ஒரு சொல் வெளியே வந்தால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

இனி நடந்ததை நீங்கள் நம்பினாலும் சரி, விட்டாலும் சரி. தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. தாடை கல்லாய் இறுகியது. நாக்கு மடிந்து தொண்டைக்குள் போனது. அறை முழுக்கப் பன்றி மணம், மேலே ஒருவரும் பொரிக்காதபோதே. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"கெ, கெ, கெ."

"என்ன மாமா, விசரோ?"

"கெ."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே பதில். நான்காவது தடவை கேட்கவில்லை. எழும்பினார்.

மதாம் பின்னால் சொன்னாள், தெய்வம் வந்தால் ஆளுக்கு நினைவு இருக்காதாம், நீங்கள் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்கிறீர்களே என்று. எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று பதில் சொன்னேன்.

மேலே கேட்ட சத்தத்துக்கு அவள்தான் பொலிசைக் கூப்பிட்டாள். ஒரு பொலிஸ்காரப் பெண் வந்தாள். சின்னப் பிள்ளை, சுகிர்தாவின் வயது இருக்கும். என் வாயில் துவாயை வைத்து அழுத்திக்கொண்டு, விழுந்தீர்களா, ஐயா, என்று பிரெஞ்சில் கேட்டாள். யோகன் கதவடியில் நின்று, வயது போன மனிசன், படியில் சறுக்கிவிட்டார் என்றார். அமைதியாக, மரியாதையாகச் சொன்னார். கேட்டால் யாரும் நம்புவார்கள். நான் எத்தனை தடவை நம்பியிருக்கிறேன்.

படி என்ற சொல் எனக்கும் வாய்க்குள் வந்தது. காலை தவறாமல் நான் போட்டுவந்த உப்பு என் கண்ணுக்குள் நின்றது.

"இல்லை" என்றேன். "அவர் அடிச்சவர். அவளையும் அடிக்கிறவர்."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"கேட்டனான்."

எழுதிக்கொண்டாள். கூட ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. யோகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் எனக்கு நித்திரை வராது.

வலப்பக்கம் இரண்டு பல் போய்விட்டது. எப்படியும் பிடுங்க இருந்த பல்தான்.

ஜனவரி 29, செவ்வாய்

மதாம் ஒரு சோடி பழைய சப்பாத்துத் தந்தாள். அவளுடைய அண்ணனுடையதாம். ஒரு அளவு பெரிது. பத்திரிகைத் தாள் திணித்துப் போட்டுக்கொண்டு நேரே இறைச்சிக் கடைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை, மரக்கறி நாள், பன்றி இறைச்சி வாங்கினேன். கடைக்காரன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். மதாம் பொரித்தாள். கறுத்த முகத்துத் தாயின் முன்னால் நானே தட்டை வைத்தேன். பிள்ளையைக் காக்கச் சொல்லிச் சுகிர்தா வைத்த வண்ணத்துப்பூச்சிக் கிளிப் இன்னும் அங்கே இருந்தது. பிறகு ரோசாப்பூக்காரியைத் தூக்கி அவளுடைய சுவருக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டேன். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குக் கேக் போதவில்லை என்று மதாம் சொன்னாள்.

பெப்ரவரி 1, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். வியாழக்கிழமைக் கதையைச் சொன்னேன். ஒருவன் அல்ல, மூன்று பேர் வந்தார்கள் என்றும், இரண்டு பேரைப் படியால் உருட்டினேன் என்றும், மூன்றாமவன்தான் என் பல்லைத் தொட்டான் என்றும். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். பொலிஸ் மேலதிகாரி எனக்குக் கைகொடுத்தார் என்று சொன்ன இடத்தில் ஒரு மனிசி கண்ணைத் துடைத்தாள்.

அன்னதானத்தில் யோகனின் ஒன்றுவிட்ட தமையன் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். ஒரு நாளும் என் பக்கத்தில் இராதவர். என் இலையில் தன் வடையையும் எடுத்து வைத்தார்.

"அண்ணை, நீங்கள் இல்லாட்டி அந்தப் பிள்ளையின்ரை கதி என்ன? பெரிய காரியம் செய்தியள்" என்றார். தண்ணீர் ஊற்றித் தந்தார். "இப்ப எங்கை இருக்கினம், பாவங்கள்? உங்களுக்குத் தெரியாமல் இருக்குமோ?"

முன்னால் இருந்த ஏழெட்டுப் பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். வாழ்நாளில் எனக்கு இவ்வளவு பேர் ஒன்றாகக் காது கொடுத்ததில்லை.

"கெ, கெ" என்று சொல்லிவிட்டு, வடையை இடப்பக்கத்தால் கடித்தேன்.